கனத்தைப் பார்த்துக் கத்தி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய சேவையை முடித்துவிட்டு வரும் மகனுக்கு ஒரு நல்ல மடக்குக் கத்தி வாங்கித் தர நினைப்பதாக வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் பெரிய செபென்சா 31, ரிக் ஹிண்டரரின் மூன்றரை அங்குல எக்ஸ்எம்-18, இந்த இரண்டில் எதை எடுப்பது என்பது அவருடைய கேள்வி. அதற்குப் பதில் எழுதிய இன்னொரு வாசகர், கனமான, அதாவது தடிமனான பிளேடு உள்ளதை எடுங்கள், தலைமுறைக்கும் வரும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை நம்பி அந்த அப்பா அறுநூறு எழுநூறு சிங்கப்பூர் வெள்ளியைப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். கயிறும் கத்தியும் கையில் இல்லாத நாள் கிடையாது. இப்போது பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுவதும், எப்போதாவது புலாவ் உபினில் கூடாரம் அடித்துத் தங்குவதும்தான் பொழுதுபோக்கு. என்னிடம் பெரிய செபென்சா இருக்கிறது, நெடுநாள் நண்பர் ஒருவரிடம் எக்ஸ்எம்-18 இருக்கிறது, ஒருவருடையதை மற்றவர் வாங்கிப் பயன்படுத்தாத வாரம் குறைவு. அதனால் இரண்டைப் பற்றியும் ஓரளவு சொல்ல முடியும்.

முதலில் அந்த கனம் விஷயத்துக்கே வருகிறேன். எக்ஸ்எம்-18 பிளேடின் முதுகுப்பக்கம் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் தடிமன். பெரிய செபென்சாவில் அது சுமார் 3.6 மில்லிமீட்டர். எண்ணாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் வெட்டுவது முதுகு அல்லவே. செபென்சாவின் பிளேடைப் பக்கவாட்டில் உள்வளைவாகக் கடைந்திருப்பார்கள், அதனால் கூர் இருக்கும் இடத்துக்கு வரும்போது உலோகம் மெல்லிசாகிவிடுகிறது. எக்ஸ்எம்-18ல் பலரும் ஆசைப்பட்டு வாங்குகிற ஸ்பாண்டோ வடிவம் அப்படி இல்லை, கூருக்குப் பின்னாலும் நல்ல சதைப்பற்றோடு இருக்கும். இதை ஒரு பச்சை மாங்காயில் பார்த்தால் போதும். செபென்சா கொட்டை வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், துண்டு மெல்லியதாக விழும். நண்பரின் கத்தி பாதி வரை வெட்டும், அப்புறம் ஆப்பு அடித்தது மாதிரி மாங்காய் 'டக்' என்று பிளந்துகொள்ளும். அட்டைப்பெட்டியிலும் இதே கதைதான், நீளமாக இழுத்து வெட்டினால் பாதி வழியில் கை கனக்கத் தொடங்கிவிடும். அரிவாள்மனையை உலக்கை கனத்துக்கு அடித்து வைத்தால் யார் காய் நறுக்குவார்கள்?

எக்ஸ்எம்-18 மட்டமான கத்தி என்று நான் சொல்ல வரவில்லை. ஹிண்டரர் ஒஹையோவில் தீயணைப்பு வீரராக இருந்தவர். கையுறை போட்ட கையால் திறக்க வேண்டும், சீட் பெல்ட்டை அறுக்க வேண்டும், கண்டபடி நெம்பினாலும் உடையக் கூடாது என்ற தேவையிலிருந்து வந்த கத்தி அது. அந்த வேலைக்கு அந்தத் தடிமன் சரி. கைப்பிடியின் ஒரு பக்கம் சொரசொரப்பான ஜி10 என்ற கண்ணாடியிழைத் தகடு, மீன் செதிளும் கொழகொழப்பும் ஒட்டிய கையிலும் பிடி நழுவாது. இந்த ஒரு விஷயத்தில் செபென்சாவின் வெறும் டைட்டானியம் கைப்பிடி அதனிடம் தோற்றுப்போகும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிளேடும் மெல்லிசாக வேண்டும் என்பவர்களுக்கு ஹிண்டரரிலேயே ஸ்லைசர் வடிவம் உண்டு, ஸ்பாண்டோவைவிட அது எவ்வளவோ நன்றாக வெட்டும். மகன் பளு தூக்கும் வேலையிலோ லாரிப் பட்டறையிலோ சேரப் போகிறார், நாள் முழுக்கக் கையுறையோடு நிற்பார் என்றால் எக்ஸ்எம்-18ஐயே வாங்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

திறந்த பிளேடு தானாக மடங்கிவிடாமல் தடுக்கும் பூட்டு பற்றியும் அந்த அப்பா கேட்டிருந்தார். கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காவில் அச்சு வார்ப்புக் கருவிகள் செய்யும் தொழில் பழகியவர், 1989ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் போய்சி நகரில் குடியேறினார். கைப்பிடியின் டைட்டானியம் பக்கத்திலேயே ஒரு வெட்டு வெட்டி, அந்தத் துண்டையே வில் போல உள்ளே வளைத்து, பிளேடு திறந்ததும் அதன் அடிக்குப் பின்னால் போய் முட்டுக்கொடுக்கிற மாதிரி செய்தார். இன்று பாதிக் கத்தி உலகம் அந்தப் பூட்டைத்தான் பயன்படுத்துகிறது, ஹிண்டரர் உட்பட. அந்த வில் துண்டை அளவுக்கு மீறி வெளியே தள்ளிவிட்டால் அதன் விறைப்பு போய்விடும் என்பதால் ஹிண்டரர் அதன்மேல் ஒரு சின்ன வட்டத் தகட்டைத் திருகித் தடுப்பு வைத்தார். நல்ல யோசனை அது. செபென்சா 31ல் வேறு ஒரு முன்னேற்றம் இருக்கிறது, பிளேடில் போய் முட்டுகிற இடத்தில் பீங்கான் குண்டு ஒன்றைப் பதித்திருக்கிறார்கள், அதனால் டைட்டானியம் தேய்வது குறைகிறது. இரண்டு பூட்டுமே நம்பிக்கையானவை, பூட்டை வைத்து முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். செபென்சாவைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் நான்கு விரலையும் அந்த வில் துண்டின்மேல் அழுத்திக்கொண்டு கட்டைவிரலால் தள்ளுவார்கள், பிளேடு அசையவே அசையாது, கத்தியில் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். விரலைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தால் வெண்ணெய்யாகத் திறக்கும்.

என் தீர்ப்பை உண்மையில் முடிவு செய்தது நம் ஊர்க் காற்றுதான். சிங்கப்பூரில் ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். படகுத்துறையில் அதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. நல்லவேளையாக இரண்டு நிறுவனங்களுமே இப்போது மேக்னாகட் என்ற எஃகில் பிளேடு செய்கின்றன. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021ல் வெளிவந்த எஃகு அது. அதில் குரோமியம் ஏறத்தாழ 10.7 விழுக்காடுதான், முன்பு பயன்படுத்திய எஸ்45விஎன் எஃகில் 16 விழுக்காடு. அப்படியானால் பழையதுதானே துருப்பிடிக்காது என்று தோன்றும். ஆனால் பழைய எஃகில் குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து கடினத் துகள்களாக மாட்டிக்கொள்கிறது, அந்தப் பங்கு துருவைத் தடுக்க உதவாது. மேக்னாகட்டில் அப்படிப்பட்ட குரோமியத் துகள்கள் உருவாகாதபடி கலவையை அமைத்திருக்கிறார்கள், அதனால் இருக்கிற குரோமியம் முழுவதும் துருவோடு மல்லுக்கட்டுகிறது. எனவே பழைய எஸ்45விஎன் பிளேடு உள்ளது ஐம்பது வெள்ளி குறைவாகக் கிடைக்கிறதே என்று சபலப்பட வேண்டாம். கடலோரம் போகிறவருக்கு மேக்னாகட்தான்.

எஃகு மட்டும் போதாது, கத்தியின் வயிற்றுக்குள் போகிற உப்பையும் மணலையும் வெளியே எடுக்க வேண்டும். இங்கேதான் செபென்சாவை நான் முதலில் வைக்கிறேன். பிளேடு சுழலும் அச்சில் நுணுக்கமாகக் கடைந்த ஒரு குழல் இருக்கிறது, அந்தக் குழலின் நீளம்தான் பிளேடுக்கான இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அதனால் கழற்றிக் கழுவித் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி பூட்டும்போது திருகை முழுவதுமாக இறுக்கினால் போதும், பிளேடு இறுகவும் செய்யாது, ஆடவும் செய்யாது. கழற்றுவதற்கு வேண்டிய ஆலன் கீயைப் பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறார்கள், நீங்களே பிரித்துச் சுத்தம் செய்யுங்கள் என்று நிறுவனமே சொல்கிறது. எக்ஸ்எம்-18ஐயும் பிரிக்கலாம்தான். ஆனால் திருகை எவ்வளவு இறுக்குவது என்பது கைப்பழக்கம், கால் சுற்று கூடினால் பிளேடு முரண்டு பிடிக்கும், கால் சுற்று குறைந்தால் லேசாக ஆடும். அதன் அச்சில் வாஷரும் போடலாம், பேரிங்கும் போடலாம் என்ற வசதி இருக்கிறது, அதை ரசிப்பவர்கள் நிறையப் பேர். கடற்கரைக்கு எடுத்துப் போகிறவர் பேரிங் பக்கமே போகாமல் வாஷரைப் போட்டுக்கொள்வது நல்லது. ஒரு மணல் துகள் பேரிங்குக்குள் புகுந்தால் நறநறவென்று சத்தம் கேட்கும், கேட்கவே மனசு பொறுக்காது. அப்புறம், எந்தக் கத்தியானாலும் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது சட்டம். இதை யாரும் எழுதவில்லை என்பது எனக்கு வருத்தம். அமெரிக்காவில் இந்தக் கத்திகளைக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு தினமும் வேலைக்குப் போவார்கள், கைப்பிடியில் அந்த கிளிப் இருப்பதே அதற்காகத்தான். இங்கே அப்படி எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாது. தாக்குவதற்குப் பயன்படும் ஆயுதங்கள் தொடர்பாக 1958ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் அப்படி ஒன்றை வைத்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். மீன்பிடிக்கப் போகும்போது மீன் பெட்டிக்குள், மற்ற சாமான்களோடு, மடக்கி வைத்து எடுத்துப் போவது ஒரு விதம். காப்பிக்கடையில் நண்பர்களுக்குக் காட்டப் பையிலிருந்து எடுப்பது முற்றிலும் வேறு. இளம் பிள்ளைக்கு இதை அப்பாவே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், கத்தியைக் கொடுக்கிற அன்றைக்கே.

இதனால் திறக்கும் விதமும் எனக்கு முக்கியம். எக்ஸ்எம்-18ன் பின்புறம் ஒரு சின்னக் காது நீட்டிக்கொண்டிருக்கும், ஆள்காட்டி விரலால் அதைத் தட்டினால் பிளேடு சட்டென்று பாய்ந்து 'சடக்' என்று நிற்கும். பொத்தானை அழுத்தினால் தானே பாயும் கத்தி வேறு, இது கையால் திறப்பதுதான். ஆனால் படகுத்துறையில் பக்கத்தில் பிள்ளைகளோடு நிற்கிற குடும்பத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது, அந்தச் சத்தத்துக்கே திரும்பிப் பார்ப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன், ஒரு அம்மா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு நகர்ந்து போனார். செபென்சாவைக் கட்டைவிரலால் மெதுவாக, சத்தமில்லாமல் திறந்து, தூண்டில் நரம்பை நறுக்கிவிட்டு மடக்கி வைத்துவிடலாம். நாலு பேர் நடுவே வாழ்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

வாங்குவது பற்றி ஒன்றிரண்டு. இணையத்தில் எண்பது நூறு வெள்ளிக்குச் செபென்சா என்று போட்டிருந்தால் அது போலி, யோசிக்கவே வேண்டாம். இந்த இரண்டு கத்திக்குமே போலிகள் மலிந்து கிடக்கின்றன, படத்தில் பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும், எஃகு மட்டும் என்னவென்று ஆண்டவனுக்கே வெளிச்சம். அசலுக்கு அமெரிக்காவிலேயே நானூறு ஐந்நூறு அமெரிக்க டாலர் வாக்கில் ஆகும். நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளர்களின் பட்டியலைப் பார்த்து அவர்களிடம் மட்டும் வாங்குங்கள். 400 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பொருள் என்பதால் இங்கே வந்து இறங்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும், அதைக் கணக்கில் சேர்க்காமல் பட்ஜெட் போடாதீர்கள். பணம் கட்டும் முன்பே, கத்தியின் படத்தையும் அளவையும் அனுப்பி, இதை இறக்குமதி செய்யலாமா என்று காவல்துறையின் உரிமப் பிரிவிடம் எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் சுங்கத்தில் மாட்டிய பிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆக அந்தத் தந்தைக்கு என் பதில்: பெரிய செபென்சா 31, மேக்னாகட் பிளேடு. கைப்பிடி வழுக்கும் என்று மேலே சொன்னேனே, அதற்கும் வழி இருக்கிறது, டைட்டானியத்தில் மைக்கார்டா (துணியும் பிசினும் சேர்த்து அழுத்திய தகடு) பதித்த வகையை எடுங்கள், ஈரக்கையில் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும், விலை கொஞ்சம் கூடும். மகன் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் ஆர்டரிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். இடது கைக்காரர்களுக்கென்று பூட்டை மறுபக்கம் வெட்டிய கத்தி தனியாகவே வருகிறது, வலது கைக் கத்தியை வாங்கிவிட்டுப் பிறகு மாற்றியமைக்க முடியாது.

இப்படிக்கு,
பிடோக் வட்டார வாசகர்