அறுந்த கம்பியைக் குப்பையில் போடாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

"அண்ணா, ஒரே மாசத்துல கிட்டார்ல முதல் ஸ்ட்ரிங் நாலு தடவை அறுந்துபோச்சு. எந்தக் கம்பெனி ஸ்ட்ரிங் நல்லா உழைக்கும்?" என்று கேட்டிருந்தாய். நாலு தடவையும் கம்பி எந்த இடத்தில் அறுந்தது என்று எழுதவில்லை. நீ பார்த்திருக்கவும் மாட்டாய். எரிச்சலில் உருவிச் சுருட்டிக் குப்பையில் எறிந்திருப்பாய். நானும் அப்படித்தான் எறிந்துகொண்டிருந்தேன்.

என் முதல் கிட்டாரில் இரண்டாவது கம்பி, அதாவது பி, வாரம் தவறாமல் அறும். முதலில் கம்பெனியைத் திட்டினேன். வேறு கம்பெனிக்கு மாறினேன். அதுவும் அறுந்தது. பிறகு என் கையைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் மெல்லிய கம்பிதான் காரணம் என்று முடிவு கட்டி, 10 செட்டை (முதல் கம்பி 0.010 அங்குலத் தடிமன்) விட்டு 12 செட்டுக்கு (0.012 அங்குலம்) போனேன். விரல் நுனி புண்ணானதுதான் மிச்சம். கிட்டார் பழுது பார்க்கும் ஒருவரிடம் போய் நின்றபோது அவர் கிட்டாரைத் தொடவே இல்லை. "அறுந்த துண்டு இருக்கா?" என்றார். இல்லை. "அடுத்தது அறுந்ததும் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ஐந்தே நாளில் அடுத்தது அறுந்தது. குண்டு கோத்திருக்கும் பக்கத்துத் துண்டை மறுபடி பிரிட்ஜில், அதாவது கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரக்கட்டையில், செருகி நிறுத்திக் காட்டினார். அறுந்த முனை சேடிலின் விளிம்பில் அச்சு அசலாகப் போய் உட்கார்ந்தது. அந்த இடத்தில் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு நகத்தில் மாட்டியது. உப்புத்தாளை எடுத்து இரண்டு நிமிடம் தேய்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கிட்டாரில் இரண்டாவது கம்பி துருப்பிடித்துக் கிழடான பிறகு நானாகக் கழற்றினேனே தவிர, தானாக அறவில்லை.

ஆகவே கம்பெனிக்கு முன்னால் இடத்தைப் பார். அதிகம் சந்தேகப்பட வேண்டியது சேடிலைத்தான். பிரிட்ஜில் நிற்கிறதே அந்த வெள்ளைப் பட்டை, எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது, அதுதான். பிரிட்ஜ் பின் (கம்பியை இறுக்கிப் பிடிக்கும் முளை) குத்தியிருக்கும் ஓட்டையிலிருந்து வெளியே வரும் கம்பி அங்கேதான் சட்டென்று மடிகிறது. நீ தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் அந்த ஒரே புள்ளியில் துளித்துளியாக வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பித் துண்டைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் வளைத்தால் கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒடியுமல்லவா? அதேதான், மிக மெதுவாக நடக்கிறது. விளிம்பு கூராகவோ பிசிறோடோ இருந்தால் வாரக்கணக்கு நாள்கணக்காகிவிடும்.

சோதிப்பது சுலபம். கம்பியைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் பஞ்சை சேடிலின் மேல் தேய். எங்கே இழை மாட்டி நிற்கிறதோ அங்கே பிசிறு. 600 எண் உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து, ஒரு பழைய கம்பித் துண்டின் மேல் சுற்றி, கம்பி போகும் போக்கிலேயே லேசாகத் தேய். பிறகு 1000, அதற்குப் பிறகு வெறும் துணி. மழுக்க வேண்டியது விளிம்பை மட்டும். உச்சியைக் குறைத்தால் கம்பி தாழ்ந்துபோய் கழுத்தில் பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டையில் இடித்து "ங்ர்ர்" என்று ஒலிக்கும். அப்புறம் அதற்கும் எனக்குக் கடிதம் எழுதுவாய்.

சேடில் பக்கத்திலேயே இன்னொரு வில்லங்கம் உண்டு. இழை சுற்றாத முதல் இரண்டு கம்பிகளில், குண்டுக்குப் பக்கத்தில் கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த முறுக்கு பிரிட்ஜுக்குள் ஒளிந்திருக்க வேண்டும். சில கிட்டார்களில் அது மேலே ஏறி வந்து சேடிலின் மேலேயே உட்கார்ந்திருக்கும். முறுக்கு முடியும் இடம் ஏற்கெனவே பலவீனமானது. மடிப்பும் அங்கேயே விழுந்தால் அறாமல் என்ன செய்யும்? உள்ளே குண்டு சரியாகப் போய் உட்காராததால் அப்படி ஆகலாம். மாட்டும்போது பின்னை அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுத்து, குண்டு மேல்பலகையின் அடிப்பக்கம் போய் முட்டுவதை உறுதி செய்துகொள். அப்படியும் முறுக்கு மேலே ஏறினால், உள்ளே ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் பிளேட் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நீ நோண்டாதே. தெரிந்தவர் கையில் கொடு.

தலைப்பக்கம் கம்பிகள் வெட்டுக்குள் உட்காரும் நட்டு என்ற பட்டையில் அறுகிறதென்றால் பெரும்பாலும் வாசிக்கும்போது அறாது, ட்யூன் பண்ணும்போதுதான் அறும். சாவியைத் திருகுகிறாய், சுருதி ஏறவில்லை, இன்னும் திருகுகிறாய், "டிங்" என்று ஒரு சத்தத்தோடு சுருதி ஒரே தாவாகத் தாவுகிறது. வெட்டுக்குள் கம்பி சிக்கி நிற்கிறது என்பதற்கு அந்த "டிங்"தான் சாட்சி. சாவிக்கும் நட்டுக்கும் நடுவில் உள்ள துண்டு மட்டும் எல்லா இழுவையையும் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நன்றாகச் சீவிய பென்சிலை வெட்டுக்குள் தேய்த்துவிடு. அந்தக் கரியே எண்ணெய் மாதிரி வழுக்கிக் கொடுக்கும். மெல்லிய செட்டுக்கு வெட்டிய நட்டில் தடித்த செட்டை மாட்டியிருந்தால் பென்சில் போதாது, வெட்டை அகலமாக்க வேண்டும். அதற்கென்று தனி அரம் இருக்கிறது, பழகிய கையும் வேண்டும்.

சாவித் தண்டில் அறுந்தால் அநேகமாக நீ மாட்டிய விதம்தான் காரணம். மெல்லிய கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, இழை சுற்றிய கம்பிக்கு இரண்டு போதும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் கீழே இறங்க வேண்டும், மேலே ஏறிக் குறுக்கே போகக் கூடாது. இழை சுற்றிய கம்பியை முதலில் மடித்துவிட்டுப் பிறகு வெட்டு. மடிக்காமல் வெட்டினால் சில கம்பிகளில் வெளிச்சுற்று நழுவிப் போய் சத்தம் செத்துவிடும். ஒரு தடவை ஒடிசல் விழுந்த கம்பியை நிமிர்த்தி மாட்டாதே. அது எங்கே அறுமென்று நீயே குறித்துக் கொடுத்தது போலாகும்.

இனி நீ சொல்லாத ஒன்று. நாலு தடவையில் ஒன்றாவது புதுக் கம்பி மாட்டிய அன்றே, ட்யூனரைப் பார்த்துத் திருகிக்கொண்டிருந்தபோது அறுந்ததா? அப்படியானால் கம்பியும் கிட்டாரும் நிரபராதிகள். ட்யூனரில் பலவும் எழுத்தை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று காட்டாது. முதல் கம்பிக்கு வேண்டிய ஈ 330 ஹெர்ட்ஸ். அதை அறியாமல் தாண்டிவிட்டால் எஃப், ஜி என்று காட்டிக்கொண்டே போகும். நீ அடுத்த ஈ வரும் வரை ஏற்றுவாய். அந்த ஈக்கு நாலு மடங்கு இழுவை வேண்டும். அதுவரை எந்தக் கம்பியும் உயிரோடு இருக்காது. இரண்டாவது கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தித் தட்டு. முதல் கம்பியைத் திறந்து தட்டினால் அதே ஒலி வர வேண்டும். காதுதான் இங்கே நம்பகமான ட்யூனர்.

நான் தடித்த கம்பிக்கு மாறிய முட்டாள்தனத்துக்கும் இதில்தான் விளக்கம் இருக்கிறது. வழக்கமான நீளமுள்ள கிட்டாரில் ஈக்கு ஏற்றிய 10 கம்பி ஏறத்தாழ 7.3 கிலோ இழுவையைத் தாங்குகிறது. 12 கம்பி ஏறத்தாழ 10.6 கிலோ. கம்பியின் குறுக்குப் பரப்பு கூடியது, சுமையும் அதே விகிதத்தில் கூடிவிட்டது. கம்பியின் ஒவ்வொரு நூலளவுக்கும் விழும் பாரம் மாறவே இல்லை. சுருதியைக் கூட்டினால்தான் பாரம் கூடும். அரை சுரம் ஏற்றினால் 12 சதவீதம், ஒரு முழு சுரம் ஏற்றினால் 26 சதவீதம். பாட்டுக்காக ஒரு சுரம் மேலே ட்யூன் பண்ணும் பழக்கம் உனக்கு இருந்தால் விட்டுவிடு, கழுத்தில் மாட்டிச் சுருதி ஏற்றும் கேப்போ என்ற கிளிப்பைப் போட்டுக்கொள். கம்பியைத் தட்டும் பிக் என்ற வில்லையின் அடியைத் தடித்த கம்பி கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், உண்மைதான். அதற்காக விரலைப் பலி கொடுக்க வேண்டுமா என்பது உன் இஷ்டம்.

அடியென்றதும் உன் வலது கை ஞாபகம் வருகிறது. நீ அனுப்பிய வீடியோவில் பிரிட்ஜை ஒட்டி, முழங்கையிலிருந்து கையை வீசி அடிக்கிறாய். பிக் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிரிட்ஜ் பக்கம் கம்பி விறைப்பாக இருக்கும், நெகிழ இடமில்லை. கையைக் கொஞ்சம் ஒலித்துளைப் பக்கம் நகர்த்து. பிக்கின் நுனி மட்டும் தெரியும்படி பிடித்து, மணிக்கட்டிலிருந்து வீசு. வெறும் ஸ்ட்ரம்மிங்குக்கு 1 மி.மீ. பிக் வேண்டாம், 0.6 போதும். சத்தம் போதவில்லை என்று தோன்றினால் கம்பி பழசாகியிருக்கிறதா என்று பார். செத்த கம்பியிடமிருந்து சத்தம் வாங்கப் போய்த்தான் பலர் ஓங்கி அடிக்கிறார்கள்.

கம்பி பழசாவது பெரும்பாலும் வியர்வையால். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியை மேலும் கீழும் துடை, அரை நிமிட வேலை. விரலை ஓட்டினால் சொரசொரவென்று இருக்கும் இடம் துருப் பிடித்த இடம். அதைத் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்காதே, மாற்றிவிடு. கை நிறைய வியர்க்கும் என்றால் பூச்சுப் போட்ட கம்பிகள் நீடித்து வரும். கம்பெனி, ரகம் பற்றிய பேச்சுக்கு இங்கே மட்டும்தான் கொஞ்சம் இடம் இருக்கிறது.

இப்போது மாட்டியிருக்கும் கம்பியும் அறும். நீ இன்னும் எதையும் சரிசெய்யவில்லையே. அறும்போது இரண்டு துண்டையும் எடுத்து வை. குண்டு உள்ள துண்டை அளந்து எழுது. இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் என்றால் எனக்காகக் காத்திருக்காதே, பஞ்சையும் உப்புத்தாளையும் எடு.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: கம்பியை ஏற்றும்போது கிட்டாருக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதே. அறுந்த முனை கண்ணைத்தான் தேடி வரும். பழையதைக் கழற்றும்போதும் முதலில் முழுக்கத் தளர்த்து, பிறகு கட்டிங் பிளேயரை எடு.