ஸ்கேன் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றால் ஆட்டிசம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைக்குழந்தையின் மூளையை ஸ்கேன் எடுத்தால் ஆட்டிசம் வருமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று சென்ற இதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் சிறப்பாசிரியை நான். “நாங்களும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துடலாமா டீச்சர்?” என்று பெற்றோர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஆராய்ச்சி அருமையானது, சந்தேகமில்லை. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் பிவன் தலைமையில் பல ஊர் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தியது, 2017-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. 6 மாதத்திலும் 12 மாதத்திலும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கவில்லை; குழந்தை தானாகத் தூங்கும்வரை காத்திருந்து, காதில் சத்தம் விழாதபடி மூடி எடுத்தார்கள். அந்த இயந்திரம் போடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு அந்த ஆறு மாதத்தில் மூளையின் மேற்பரப்பு மற்றவர்களைவிட வேகமாக விரிந்திருந்தது. இந்த அளவுகளைக் கணினியிடம் கொடுத்தபோது, இரண்டு வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட 34 பேரில் 30 பேரைச் சரியாகச் சொன்னது. ஆட்டிசம் இல்லாத 145 பேரில் 7 பேரைத் தவறாகக் குறித்தது.

உங்கள் செய்தியில் விட்டுப்போனது ஒன்று உண்டு. இந்தக் குழந்தைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருந்தார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் அடுத்த குழந்தைக்கும் வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஊரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் இதே கணக்கில் சேர்க்க முடியாது. நூற்றில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம். 1000 பேரை இதே முறையில் பார்த்தால், இருக்கும் 10 பேரில் 9 பேரைக் கண்டுபிடிக்கும், சரி. ஆனால் இல்லாத 48 பேரையும் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடும். அந்த 48 வீடுகளில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. அந்த ஆய்வில் பார்த்தது, மூளையின் பல இடங்களில் அளந்து கணினி கூட்டிக் கழித்துச் சொன்ன நுண்ணிய வித்தியாசம். ஸ்கேன் சென்டரில் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவரின் கண்ணுக்கு அது தெரியாது. ஆட்டிசம் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றுதான் வரும். என்னிடம் வரும் ஒரு பையனுக்கு இரண்டரை வயதில் மயக்க மருந்து கொடுத்து, ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்தார்கள். ‘நார்மல்’ என்று வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. “மூளையில ஒண்ணும் இல்லையாம், லேட்டாத்தான் பேசுவான்” என்று பாட்டி சொல்ல, பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவனுக்கு நான்கு வயது தாண்டியிருந்தது. அந்த வயதில் போன மாதங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

வலிப்பு, தலையின் அளவில் மாறுபாடு, கற்றதை மறந்து பின்னோக்கிப் போவது போன்றவை இருந்தால் மருத்துவர் ஸ்கேன் கேட்பார், எடுக்கத்தான் வேண்டும். ஆட்டிசமா என்று தெரிந்துகொள்ள மட்டும் எடுப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே பரிந்துரைக்கவில்லை. இவ்வளவு ஆராய்ச்சியும் நடந்த நாட்டின் நிலையே அதுதான்.

ஆனால் இந்த ஆராய்ச்சி நம் வீடுகளுக்கு இப்போதே கொடுத்திருக்கும் ஒன்று இருக்கிறது. பேச்சு வருவதற்கு முன்பே, முதல் பிறந்தநாளுக்கு முன்பே மூளை வளர்ச்சியில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. ‘நீ வேலைக்குப் போனதால்தான்’, ‘நீ போனைக் கையில் கொடுத்ததால்தான்’ என்று மருமகளைக் குற்றம் சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். செய்தியில் இதற்கு ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தம்.

அறிகுறிகளைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, நாம் காட்டும் பக்கம் பார்க்கிறானா, இவற்றைக் கவனித்தாலே சந்தேகம் வந்துவிடும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென்று பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் படிவம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்று சொல்லப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இலவசமாகப் பரிசோதித்துப் பயிற்சியும் தருகிறார்கள். சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

அடுத்த முறை இப்படி ஒரு ஆராய்ச்சிச் செய்தி போடும்போது, ஆய்வில் யாருடைய குழந்தைகள் இருந்தார்கள் என்பதையும், இங்கே பெற்றோர் முதலில் எங்கே போக வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியை,
திருச்சி