நெப்போலியனுக்கு முந்தைய பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘1811-இல் நெப்போலியன் கட்டாயப்படுத்தியதால் டச்சுக்காரர்கள் கேலிக்குக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டனர்’ என்று ஞாயிறு இணைப்பில் ஒரு துணுக்கு வந்திருந்தது. நெப்போலியன் போட்ட ஆணை உண்மை, கேலிதான் கட்டுக்கதை. உதாரணம் காட்டியிருந்த ‘நாக்ட்கெபோரன்’ (அம்மணமாகப் பிறந்தவர்) என்ற பெயர் அந்த ஆணைக்கு முன்பே ஆவணங்களில் இருக்கிறது. தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் மருவி வந்தது என்பார்கள்.

இன்று பெல்ஜியத்தில் உள்ள புரூஜ், கெண்ட் போன்ற தெற்கத்தி வணிக நகரங்களில் 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே குடும்பப் பெயர்கள் வேர்விட்டுவிட்டன. ஒரே தெருவில் ‘யான்’ என்ற பெயருள்ள நாலு பேர் குடியிருந்தால் வரிக் கணக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்? ரொட்டி சுடுகிறவர் பக்கர், மாவரைக்கிறவர் முல்டர், பண்ணையார் நிலத்தை மேற்பார்ப்பவர் மெயர். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயரென்றால் இளையவர் டி யோங். இன்று நெதர்லாந்தில் மிகப் பரவலான குடும்பப் பெயரே அதுதான். வடக்கு, கிழக்குக் கிராமங்களில் அப்பா பெயரை மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்களைத்தான் 1811 ஆணை பெரிதும் பாதித்தது.

எங்கள் பாலிஹவுஸுக்கு (பாலித்தீன் கூரைப் பசுமைக்குடில்) லில்லியம் என்ற லில்லிப் பூவின் கிழங்குகள் ஹாலந்திலிருந்து வருகின்றன. ஈரமான மக்கிய தூள் நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டி, அதன் மேல் ஒரு சீட்டு. போன முறை சீட்டில் இருந்த பெயர் ‘வான் டென் பெர்க்’, அதாவது மலையிலிருந்து வந்தவர். ஐரோப்பிய நெதர்லாந்தின் மிக உயர்ந்த இடமே 322 மீட்டர்தான். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் ஏறக்குறைய அதே உயரம்! அங்கே சிறு மேடும் ‘பெர்க்’தான். கோத்தகிரிக்காரனான எனக்குச் சிரிப்பு வந்தது.

பெயர் வைப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தான். நெதர்லாந்தின் வடக்கு மாகாணமான ஃபிரீஸ்லாந்தை விட்டு வெளியூரில் குடியேறியவரைத்தான் ‘டி விரீஸ்’, ஃபிரீஸ்லாந்துக்காரர், என்று அழைத்திருப்பார்கள். சொந்த ஊரில் அப்படி அழைக்க என்ன தேவை? படகர்களான எங்களுக்கு இது புதிதல்ல. வடக்கே மைசூர்ச் சீமையிலிருந்து வந்ததால் ‘வடக்கத்தியார்’ என்ற பொருளில் அமைந்ததே எங்கள் பெயர்.

விளையாட்டுப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ‘வான்’ என்பது பிரபுக்களின் பட்டமல்ல, ‘இன்ன இடத்தவர்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கால்பந்து வீரர் விர்ஜில் வான் டைக்கின் முன்னோர் பெயர் வெள்ளத் தடுப்புக் கரையோரத்து ஆள் என்று சொல்கிறது. அவரை ‘டிஜ்க்’ என்று அச்சிடாமல் ‘டைக்’ என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
கொய்மலர் விவசாயி ஒருவர்,
கோத்தகிரி.