இரண்டே நாளில் அரசியலமைப்பைத் திருத்தலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசியலமைப்புச் சட்டத்தை இத்தனை முறை திருத்தலாமா என்று தங்கள் நாளிதழில் வாசகர்கள் விவாதித்துவருகிறார்கள். காலத்துக்கேற்பத் திருத்தத்தான் வேண்டும். என் கவலை எண்ணிக்கையைப் பற்றியது அல்ல, வேகத்தைப் பற்றியது.

1951இல் வந்த முதல் திருத்தத்துக்குச் சென்னையில் பிறந்த இரண்டு வழக்குகள் முக்கியக் காரணம். கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியார் உள்ளிட்டோர் கிளர்ந்தெழுந்தார்கள். இடஒதுக்கீட்டைக் காக்கும் 15(4) பிரிவு பிறந்தது. இன்னொன்று, 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை அரசு விதித்த தடையை நீதிமன்றம் ரத்து செய்த வழக்கு. அதன் எதிரொலியாகப் பேச்சுரிமைக்குப் புதிய கட்டுப்பாடுகள் வந்தன. முன்னதை மனமார வரவேற்கிறேன்; பின்னது நமக்கு இழப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரே மசோதாவில் நல்லதும் அல்லதும் கலந்து வரும் என்பதால்தான் நிதானம் தேவைப்படுகிறது. அந்த மசோதா மே 12ஆம் தேதி அறிமுகமாகி, நாடாளுமன்றத் தேர்வுக் குழுவின் ஆய்வுக்குச் சென்று, ஜூன் 18இல் சட்டமானது. முதல் பொதுத் தேர்தலே நடக்காத நிலையில் திருத்துவது சரியா என்று அப்போதே பலத்த எதிர்ப்பு எழுந்தது.

இன்று அந்த ஐந்து வாரம்கூடக் கிடைப்பதில்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தரும் 103ஆவது திருத்தத்துக்கான மசோதா, 2019 ஜனவரி 8ஆம் தேதி மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் தந்துவிட்டது. 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா செப்டம்பர் 19இல் அறிமுகமாகி, 21ஆம் தேதிக்குள் இரு அவைகளையும் தாண்டிவிட்டது. பல ஆண்டுகள் காத்திருந்த மகளிர் இடஒதுக்கீடு வந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் தொகுதி மறுவரையறைக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையை மக்கள் படித்துக் கேள்வி கேட்க அவகாசம் எங்கே இருந்தது?

அரசியலமைப்பின் வரைவு 1948 பிப்ரவரியில் வெளியானது. அரசியல் நிர்ணய சபை அதை விவாதத்துக்கு எடுப்பதற்கு முன் ஏறத்தாழ எட்டு மாதங்கள் அது மக்கள் பார்வையில் இருந்தது. சபையில் கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 முன்மொழியப்பட்டன. அதே சட்டத்தை மாற்றும்போது மட்டும் எதற்கு இந்த ஓட்டம்?

இன்னொரு தடையும் இருக்கிறது. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின், திருத்த மசோதாவிலும் தன் கட்சிக் கொறடா சொல்வதை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவி பறிபோகலாம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று, திருத்தும் முறையைச் சொல்லும் 368ஆவது பிரிவு கேட்பது, ஒவ்வோர் உறுப்பினரும் எடைபோட்டு வாக்களிக்கத்தானே! தகுதிநீக்கத்தை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிறுத்தலாம் என்று 1990இலேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது.

ஆகவே, எந்தத் திருத்த மசோதாவும் இரு அவைகளின் கூட்டுக் குழுவின் ஆய்வுக்குச் சென்றாக வேண்டும். அதன் தமிழ் வடிவம் வாக்கெடுப்புக்குக் குறைந்தது 60 நாட்கள் முன்பே மக்கள் கைக்கு வர வேண்டும். அந்த வாக்கெடுப்புக்குக் கொறடா உத்தரவு கூடாது. தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும் இம்மூன்றையும் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் பதிலைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருவாரூர்