பொங்கலுக்கு வருமுன் மாற்றவேண்டிய பிரேக் பேட்

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

உன் கார் பிரேக்கில் கேட்கிறதென்று நேற்றிரவு நீ சொன்ன கீச்சுச் சத்தத்துக்கு மறுமொழியைத் தொலைபேசியிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் கராஜில் போய் நிற்கும்போது நான் சொன்னதில் பாதி உனக்கு ஞாபகம் இராது என்பதால் எழுதி அனுப்புகிறேன். பிரேக் மிதிக்கும்போது, சில்லோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் துண்டுகள்தான் பேட். அதன் இரும்புத் தகட்டோடு ஒரு சிறிய தகர நாக்கைப் பொருத்தியிருப்பார்கள். பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசி அப்படித்தான் கத்தும். புதிதில் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும் உராய்வுப் பகுதி 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். கீச்சுச் சத்தம் போய், இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் வரும்வரை ஓடினால் டிஸ்க்கையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

மெக்கானிக் மெட்டல், செரமிக், மலிவான ஒன்று என்று மூன்று விதமான பேட்டுகளுக்கு மூன்று விலை சொன்னதாகவும், அவற்றில் 'மெட்டல்' என்பதுதான் நீண்ட நாள் உழைக்கும் என்று புகழ்ந்ததாகவும் சொன்னாய். நீ இங்கே இருந்து, கல்முனைக்கும் ஏறாவூருக்குமாக ஓடுகிறவளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். நம் கரையோர றோட்டில் பிரேக் சூடாவதற்கு இடமே இல்லை. நீயோ கண்டியிலிருந்து மஹியங்கனை வழியாக வருகிறவள். ஹசலக்கவுக்கு மேலே அந்தப் பதினெட்டு வளைவில் இறங்கும்போது பேட்டுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. நான் லொறியில் கண்டிக்கு அரிசி ஏற்றிச் சென்று மரக்கறியோடு திரும்பிய காலத்தில், ஒருமுறை பாதி இறக்கத்தில் கருகல் மணம் எழுந்தது. பெடல் காலுக்குக் கல்லைப்போல இறுக்கமாகத்தான் இருந்தது, லொறிதான் வேகம் குறையவில்லை. சூட்டில் உராய்வு செத்துப்போவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உன் காருக்கு நான் பேட் பார்ப்பது அந்த இறக்கத்தை மனதில் வைத்துத்தான்.

மெட்டல் என்று அவர் சொல்வது உலோகத்தூள் அதிகம் கலந்த வகை. அது சூட்டைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் குளிர்ந்திருக்கும்போது பிடிப்புச் சற்றுக் குறையலாம், சத்தம் அதிகம், டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். பேட் உழைக்கும் காலத்தைச் சொல்கிறவர் டிஸ்க்கின் விலையைச் சொல்லாமல் விடுகிறார். செரமிக் நல்லது: சத்தமும் தூசியும் குறைவு, விலைதான் கூட. உன் டொயோட்டா விட்ஸ் போன்ற இலேசான காருக்கு, கம்பெனியில் பூட்டிவந்த தரத்திலேயே ஜப்பானியத் தயாரிப்பாளர் செய்த பேட் போதும் என்பது என் எண்ணம். அகெபோனோ, அட்விக்ஸ் போன்றவர்கள் கார்க் கம்பெனிகளுக்கே செய்து கொடுப்பவர்கள். மலிவான அந்த மூன்றாவது பெட்டியைத் தொடவே வேண்டாம். என் பழைய காருக்கு, பெட்டியில் 'ஒரிஜினல்' என்று அச்சடித்திருந்ததை நம்பி ஒரு கடையில் வாங்கிப் பூட்டினேன். சில மாதங்களில் உராய்வுப் பகுதி விளிம்பில் பிஸ்கட்டைப்போலப் பொடிந்து தகட்டைவிட்டுக் கழன்றிருந்தது. கழற்றிய அந்தத் துண்டு இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

வாங்கும்போது 'விட்ஸ்' என்று மட்டும் சொல்லாதே. உன்னுடையதன் மாடல் இலக்கம் கேஎஸ்பி 130. அதற்கு முந்திய கேஎஸ்பி 90 வேறு கார். செஸி இலக்கத்தைக் காட்டிக் கேள், பழைய பேட்டைப் புதியதோடு பொருத்திப் பார்க்கச் சொல். பேட்டின் விளிம்பில் அல்லது முதுகில் அச்சிட்டிருக்கும் குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரண சூட்டில் உள்ள பிடிப்பையும், இரண்டாவது கடும் சூட்டில் உள்ள பிடிப்பையும் குறிக்கும். ஈ என்றால் பிடிப்பின் அளவான உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டும் எஃப் ஆக இருந்தால் எனக்குத் திருப்தி. முதலாவது எஃப், இரண்டாவது ஈ என்றிருந்தால் சூடேறும்போது பிடி தளர்கிறது என்று பொருள், வளைவு இறங்குகிறவளுக்கு அது சரிவராது. பேட் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அந்த எழுத்துகள் சொல்லமாட்டா.

பேட்டைவிட எனக்குக் கவலை, பேட்டுகளை டிஸ்க்கோடு நெருக்கும் கலிப்பர் வழுக்கி நகர்வதற்கான பின்களைப் பற்றித்தான். இரண்டு வருடம் கார் இங்கே கடற்காற்றில் நின்றது. பின்னில் துரு ஏறி இறுகிவிட்டால் கலிப்பர் வழுக்கி நகராது, ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். சென்ற வருடம் நான் கழற்றிப் பார்த்தபோது, இடது சில்லில் உள்பக்கப் பேட் ஒரு சதம் நாணயத்தின் தடிப்புக்கு வந்திருக்க, வெளிப்பக்கம் பாதிகூடத் தேயவில்லை. ஆகவே பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸைப் பூசச் சொல். சாதாரண கிரீஸ் பட்டால் றப்பர் உறை ஊதிப்போகும். டிஸ்க்கின் தடிப்பையும் அளக்கச் சொல், குறைந்தபட்ச அளவு அதிலேயே பொறித்திருக்கும். வலது, இடது இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஒயில் மேலே ஏறும் என்பதால் டாங்கியை நிறைய நிரப்பி வைக்கக் கூடாது. வேலை முடிந்து கார் நகருமுன் பெடல் இறுகும்வரை நீயே நாலைந்து முறை மிதித்துப் பார்.

பொங்கலுக்கு முந்தின நாள் மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிடாதே. புதுப் பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும். ஆளில்லாத நேர் றோட்டில் மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10 வரைக்கும் சீராகக் குறைத்து, சற்று ஓடி ஆறவிட்டு, அப்படிப் பத்து முறை செய். சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டு நிற்காதே. பெட்டியில் வேறு முறை எழுதியிருந்தால் அதன்படி செய். அதன்பின் ஓர் இரண்டு கிழமை கண்டி நகருக்குள்ளேயே ஓடு. வளைவுகளில் கியர் லிவரை 'எஸ்' அல்லது 'பி'யில் போட்டு என்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்கு.

கழற்றும் பழைய பேட் நான்கையும், எது எந்தப் பக்கத்தினது என்று எழுதிப் பெட்டியில் போட்டுக் கொண்டு வா. தேய்மானத்தைப் பார்த்தபிறகுதான் பின்சில்லின் பிரேக் லைனரையும் இங்கே வைத்துக் கழற்றுவதா என்று முடிவு செய்வேன்.

அன்புடன்,
அப்பா