கவருக்குள் போன மஞ்சப்பை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் 'பசுமைத் திருமணம்' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். வாசலில் குருத்தோலைத் தோரணம், வரவேற்பில் மரக்கன்று, சாப்பிட்டு வெளியே வருகிறவர்கள் கையில் மஞ்சப்பை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கண் போனது பையின் மேல். எட்டுக்குப் பத்து இஞ்ச், கைப்பிடிக்கு அரை இஞ்ச் நாடா. தைத்துப் பழகிய கண், அளவெடுக்காமலே தெரிந்துவிடும்.

நான் ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் பை தைக்கிறேன். தையல் தொழிலுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் தலையணை உறை, உள்பாவாடை என்று வந்ததைத் தைப்பேன். 2019 ஜனவரி ஒன்றாம் தேதி தமிழ்நாட்டில் கவர், பிளாஸ்டிக் டம்ளர் உட்பட 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்ததிலிருந்து பைதான் முழு வேலை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்த பிறகு கல்யாண ஆர்டரும் நேராகவே வீட்டுக்கு வருகிறது. முன்னறையில் இரண்டு பவர் மெஷின். ஒன்றில் நான், இன்னொன்றில் பக்கத்து வீட்டுப் பெண். தை, வைகாசி, ஆவணி வந்தால் இரவு பதினொரு மணிக்கும் மெஷின் ஓடும். ஆகவே இந்தக் கடிதம் என் சோற்றில் நானே மண்ணள்ளிப் போடுகிற வேலை. என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்கிறார்.

இந்தத் தை மாதம் ஒரு தம்பி வந்தார். கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை. எண்ணூறு பை. போனில் டிசைன் காட்டினார்: மேலே வளைவாக 'இயற்கையைக் காப்போம்', நடுவில் இரண்டு இலை, கீழே மாப்பிள்ளை பெண் பெயர், தேதி, மண்டபம். சரிங்க தம்பி என்று அட்வான்ஸ் வாங்கிக்கொண்டேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"அக்கா, ஒவ்வொரு பையையும் தனித்தனியா ஒட்டுற கவர்ல போட்டுக் குடுத்துருங்க. மண்டபத்துக்குப் போறதுக்குள்ள அழுக்காயிருமுங்க."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது, சிரித்துவிட்டார். "தெரியுதுங்க அக்கா. கசங்கியிருந்தா மாமனார் வீட்டுல ஒரு பேச்சு வருமுங்க."

எண்ணூறு கவர், உள்ளே எண்ணூறு மஞ்சப்பை, அதன் மேல் இயற்கையைக் காப்போம். நானும் போட்டுத்தான் கொடுத்தேன். கவருக்கு எழுபது பைசா தனியாக வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பைக்கு ஒரு காலத்தில் இருந்த மரியாதை என்னவென்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். மஞ்சப்பைக்காரன் என்றால் பட்டிக்காட்டான். என் அப்பா சென்னிமலைப் பக்கம் தறி நெய்தவர். ஈரோட்டுக்கு வந்தால் ஒரே மஞ்சப்பைதான். துண்டு, பாங்குப் புத்தகம், புளிசாதத் தூக்கு, திரும்பும்போது எங்களுக்குப் பொரி எல்லாம் அதற்குள். அண்ணனைக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்க்கப் போன அன்று பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அண்ணன் சொன்னானாம்: "அந்தப் பையைப் பெட்டிக்குள்ள வைங்கப்பா." அப்பா மடித்து வைத்திருக்கிறார். தூக்கை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போனாராம். சாகும் வரை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அதே அண்ணன் போன வருஷம் கிரகப்பிரவேசம் வைத்தான். வந்தவர்களுக்கெல்லாம் மஞ்சப்பை. ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்போது நின்று ஒரு போட்டோ. நான்தான் தைத்துக் கொடுத்தேன், ஆகவே ரொம்பப் பேசக் கூடாது. ஆனால் அப்பா இருந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2023 ஆவணியில் என் மகள் கல்யாணம். வீட்டுக்கு ஒன்று என்று, காய்கறி வாங்கத் தோதான பெரிய பையாக முந்நூறு மட்டும் தைக்கலாம் என்று எனக்கு ஆசை. சம்பந்தியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பை தைக்கிற வீட்டுலயே ஆளுக்கொரு பை இல்லைன்னா நாலு சனம் என்னங்க சொல்லும்?" அவர் கேட்டதிலும் தப்பில்லை, எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. நான் மடங்கிப்போனேன். எட்டுக்குப் பத்தில் எழுநூறு பை. சிவப்பில் பெயர், ரோஜாப்பூ, எல்லாம்.

ராத்திரி எட்டு மணிக்கு மண்டபத்தில் கூட்டுகிற அம்மா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். ஒரு சாக்கு. பிரித்தால் என் பைகள். தேங்காயை எடுத்துக்கொண்டு பையை நாற்காலியிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். சிலர் கை துடைத்திருக்கிறார்கள், ரசக் கறை. எண்ணினேன், 112. பெண்ணை அனுப்பிவைத்த அன்றைக்கு நான் அழுதது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

அவற்றைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் துணிக் கிளிப், ஒன்றில் பூண்டு. மீதி 110 பீரோவுக்கு மேலே. இவை போக, மற்றவர்கள் விசேஷங்களில் வாங்கி வந்ததை இந்தக் கடிதத்துக்காக நேற்று எண்ணினேன்: 43. ஒரு கிலோ தக்காளி எதிலும் உட்காராது. கொஞ்சம் பெரிதாக இருப்பதிலும் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுப் பெயர் போட்ட பையை இன்னொரு வீட்டு விசேஷத்துக்கு எடுத்துப்போக மனசு வராது. அதில் ஒரு ஜோடி இப்போது சேர்ந்தில்லை. அந்தப் பையை வெளியே எடுக்கவே பயமாக இருக்கிறது.

என் பையன் போனில் ஒன்றைக் காட்டினான். டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018-ல் கணக்குப் போட்டிருக்கிறது. ஒரு சாதாரண பிளாஸ்டிக் கவரை விடப் பருத்திப் பை மேல் என்று சொல்ல, பூமி சூடாகிற கணக்கை மட்டும் பார்த்தால் 52 தடவை அதை எடுத்துப்போக வேண்டுமாம். தண்ணீர், காற்று என்று மற்ற கெடுதல் எல்லாவற்றையும் சேர்த்தால் 7,100 தடவை. முதலில் கோபம் வந்தது. கவர் சாக்கடையை அடைப்பதும் மாட்டு வயிற்றில் கட்டியாய்க் கிடப்பதும் அந்தக் கணக்கில் கிடையாது. நமக்கு அதுதானே பெரிய தொல்லை? அப்புறம் யோசித்தேன். 7,100 நம்மால் ஆகாது, விடுங்கள். ஆனால் 52 என்பது வாரம் ஒரு சந்தை, ஒரு வருஷம். அப்பா பை அதைப் போல எத்தனையோ மடங்கு உழைத்தது. என் 112 பை ஒரு தடவைகூடப் போகவில்லை.

துணி என்றாலே சுத்தம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பார்க்கலாம். என் அம்மா பிறந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். நொய்யல் ஆற்றில் 1992-ல் பாசனத்துக்கு என்று கட்டிய அணை அது. கொஞ்ச வருஷத்திலேயே திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து நிறைந்தது. மாமா வீட்டு எருமை அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது; மோந்துவிட்டுத் திரும்பிவிடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை போனது விஷயம். காடாத் துணியை, அதாவது தறியிலிருந்து வந்தபடியே இருக்கும் பருத்தித் துணியை, வெளுத்து மஞ்சள் ஏற்றுவதும் சாய வேலைதான்.

'நான்-ஓவன்' (non-woven) என்கிற, நெய்யாத பிளாஸ்டிக் இழைப் பையைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. துணி மாதிரி இருக்கும், துணி இல்லை. ஊசி நூல் வேலையே கிடையாது, சூட்டில் ஒட்டுவது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டுங்கள். காடா சாம்பலாகும். இது உருகிச் சொட்டும்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பை வாங்கப்போகிற உங்கள் வாசகர்களிடம் தையல்காரியாக ஒன்று கேட்கிறேன். பதினான்குக்குப் பதினாறு இஞ்சில், அடியில் மடிப்பு வைத்து, வெளுக்காத காடாவில் தைக்கச் சொல்லுங்கள். கைப்பிடி அதே துணியில் இரண்டு இஞ்ச் அகலம், முனையில் சதுரமும் குறுக்குத் தையலும் போட்டது. ஐந்து கிலோ அரிசி தாங்கும். பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால் உள்பக்கம் சின்னதாகப் போடலாம். மங்கலத்துக்கு மஞ்சள் இல்லையே என்றால், புதுத் துணிக்கு வைப்போமே, அது மாதிரி மூலையில் கொஞ்சம் மஞ்சள் தொட்டு வைத்துக் கொடுங்கள். மஞ்சளுக்கு ஈரோட்டில் பஞ்சமா? விலை ஒன்றுக்கு மூன்று மடங்கு வரும். ஆளுக்கொன்று கொடுக்காமல் வீட்டுக்கொன்று கொடுத்தால் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். எனக்குக் கூலி குறையும். பரவாயில்லை, முதுகுவலியும் குறையும்.

இப்படி ஒரே ஒரு ஆர்டர் இதுவரை வந்திருக்கிறது. பவானியில் ஒரு அறுபதாம் கல்யாணம், நூற்றிருபது பை. போன மாதம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா கையில் அந்தப் பை இருந்தது. அடியில் சேறு, ஓரத்தில் கீரைக் கறை, கைப்பிடி நைந்திருந்தது. தையல் பிரியவில்லை. நான்தான் தைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

கடிதத்தைப் போட்டால் ஊரை மட்டும் போடுங்கள், பெயர் வேண்டாம். வைகாசி ஆர்டர் இன்னும் மெஷின் மேலேயே கிடக்கிறது. அறுநூறு பை, எட்டுக்குப் பத்து.

இப்படிக்கு,
பை தைப்பவர்,
வீரப்பன்சத்திரம், ஈரோடு.