எந்த வாளியில் பிடித்துப் பார்த்தார்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் சிறுவர் பக்கத்தில், 'அமில மழை குளிர்நாடுகளின் தொல்லை, நமக்கு அந்தக் கவலை இல்லை' என்று ஒரு வரி. பேரன் சத்தமாக வாசித்துக் காட்டினான். நல்லது, கவலை விட்டது.

எண்ணூர் பக்கம் முப்பத்தோரு வருடமாகத் தகரமும் ஆணியும் விற்கிறவன் நான். ஒரே கம்பெனி ஷீட்டைத்தான் பழவேற்காட்டுக்கும் கொடுக்கிறேன், அனல்மின் நிலையத்தை ஒட்டிய தெருக்களுக்கும் கொடுக்கிறேன். பழவேற்காட்டுக்காரர் ஏழெட்டு வருடம் கழித்து வருகிறார். இவர்கள் நாலாம் வருடமே வந்து, "டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டீங்களே அண்ணாச்சி" என்று சண்டை பிடிக்கிறார்கள். போய்ப் பார்த்தால் துத்தநாகப் பூச்சு வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும், ஆணி அடித்த ஓட்டையில் விரல் நுழையும். 'கடல் காற்று' என்று ஒரு அதிகாரி விளக்கம் சொன்னார். பழவேற்காட்டில் என்ன, குளத்தங்கரைக் காற்றா அடிக்கிறது?

நிலக்கரியில் இருக்கும் கந்தகம் எரிந்து கந்தக டைஆக்சைடாகி, மேகத்து ஈரத்தில் கந்தக அமிலமாவது தாங்கள் அறியாததல்ல. மழைகூட வேண்டாம். காய்ந்தபடியே கூரையில் படிந்து இரவுப் பனியில் ஊறினாலும் அதே வேலைதான். நம் மண்புழுதியில் உள்ள சுண்ணாம்பு அமிலத்தை ஓரளவு முறிக்கும் என்பதை வைத்துக் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். சரி. ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பெய்தபின் புழுதி எங்கே மிச்சமிருக்கும்?

கந்தகப் புகைக்கு மத்திய அரசு வரம்பு வைத்தது 2015 டிசம்பரில். இரண்டு வருடத்தில் சரிசெய்யச் சொன்ன கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலக்கரி மின் நிலையங்களுக்கு, புகையிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் 10 கி.மீ.க்குள் இருப்பவை மட்டும் 2027 டிசம்பருக்குள் கட்டாயம் மாட்ட வேண்டுமாம். அந்தச் செய்தியைத் தங்கள் இதழில் தேடிக் கண்டுபிடித்தேன். நகைக்கடை விளம்பரத்துக்கு அடியில் நாலு வரி. கொடியில் காயும் துணியில் சாம்பல் விழுவதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தையும் பாதியாக வெட்டினீர்கள். துணி இருந்தது, சாம்பல் எங்கிருந்து வருகிறது என்ற பாதி போய்விட்டது. இருபது வருடச் சந்தாதாரன், மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த 'கவலை இல்லை' என்பதை எழுதியவர் எந்த ஊர் மழையை எந்த வாளியில் பிடித்துப் பார்த்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று. பருவமழை வந்தால் ஊர் ஊராக எத்தனை செ.மீ. என்று போடுகிறீர்கள். எங்கள் பக்கத்து மழைக்கு மட்டுமாவது, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். சுத்தமான மழையே 5.6 வாக்கில் இருக்கும், அதற்கும் கீழே இறங்கினால் அமில மழை. கையடக்க மீட்டர் ஒன்று போதும். மொட்டை மாடியில் வைக்க வாளி என் கடையிலிருந்து சும்மாவே தருகிறேன். பிளாஸ்டிக் வாளிதான், தகர வாளி தாங்காது.

இப்படிக்கு,
தகரக் கடைக்காரன்,
எண்ணூர் வட்டாரம்